குரல் காட்டாமல்

எண்பதுகளில் ஒருநாள், சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த தலைச்சோலை கிராமத்துப் பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "என் கண்ணு, மூக்கு எல்லாம் எங்கூட்டுக்காரருக்குத் தெரியுதுங்க. மூஞ்சிதான் தெரியல."

"ஆசுபத்திரியில என்னங்க சொல்றாங்க?"

"எஸ்டேட்டுல மயங்கி விழுந்தாருல்ல, மூளையில வலது பக்கம் அடிபட்டுப் போச்சாமுங்க. அந்தப் பக்கந்தான் எல்லாத்தையும் சேத்து ஒரே மூஞ்சியாக் காட்டுமாம். இடது பக்கம் தனித்தனியாத்தான் பாக்குமாம்."

"உங்களைக்கூடவா தெரியல?"

"இன்னைக்கு உள்ள போனதும் 'வாங்கம்மா, உக்காருங்க'ன்னாரு. கட்டுன நாள்ல இருந்து அடியும் வசவுந்தானுங்க. மரியாதையாக் கூப்பிட்டது இன்னைக்குத்தான்."

"அப்பறம்?"

"கொரலக் கேட்டா நாந்தான்னு கண்டுபிடிச்சிருவாருங்க. அதனால வாயே தொறக்காம நொம்ப நேரம் உக்காந்திருந்தேன்."