நாணலுக்கு அர்த்தம்

"ஹலோ... யாரு?... அண்ணியா? இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?... குழந்தை பேர் பதியற ஆபீஸ்லயா? தெரிஞ்ச ஆளா?... சரி, சரி, இருங்க. மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் அது. இஸ்திரி மேசையை விட்டு விலகி, விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த மூலைக்குப் போனாள். அங்கே துணிக்கூடையில் அவளுடைய மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பேசுவது கணவனின் அக்கா. வீட்டை விட்டு வந்த ஐந்து மாதத்தில் அந்தப் பக்கமிருந்து வரும் முதல் அழைப்பு.

"ம்... பொண்ணுதான்... ஆமா, ஆமா, நல்லா இருக்கா... ஆமா, நாணல்தான். சரியாத்தான் எழுதியிருக்காங்க... புல்லுதான் அண்ணி. தண்ணியோரமா ஆளு உயரத்துக்கு நிக்குமே, வெள்ளையாப் பூத்து... ஏன் சிரிக்கிறீங்க? ரோஜா, மல்லின்னு வச்சாத்தான் பேரா?... இல்ல. அதுக்காக வைக்கல. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க, பொம்பளப் புள்ள நாணல் மாதிரி வளைஞ்சு போகணும்னு. கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது... அப்ப என்ன அர்த்தமா? நிஜமாவே தெரியணுமா?"

இதை அவள் இதுவரை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. கூடையில் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

"உங்க தம்பி என்ன சொன்னாரு? எவனோடயோ ஓடிட்டேன்னா?... அதான் பாத்தேன். இப்போ நான் சொல்றதக் கேளுங்க. நான் ஓடி வந்த அன்னிக்கு, சட்டை பட்டன் தைக்கலன்னு காலைல ஆரம்பிச்சுது. லாரி டயர் கழட்டுற கம்பி இருக்குல்ல, அத எடுத்தாரு. முத அடி மணிக்கட்டுல. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. அடுத்தது வயித்துக்கு வந்துது, திரும்பி முதுகக் காட்டிட்டேன். ஏழு மாசம் அண்ணி அப்போ... குறுக்க பேசாதீங்க, முழுசாக் கேளுங்க. பின்வாசல் வழியா ஓடி வாய்க்கால்ல இறங்கிட்டேன். கழுத்தளவு தண்ணி. நாணலுக்குள்ள புகுந்து மூச்சக்கூட விடாம நின்னேன். அந்தத் தோகை ஓரம் பூரா ரம்பம் அண்ணி. மூஞ்சி, கை எல்லாம் கீறிடுச்சு. பின்னாடியே அவரும் இறங்கினாரு. ரெண்டு கையாலயும் கத்தை கத்தையாப் பிடிச்சு, வெறி பிடிச்ச மாதிரி இழுத்தாரு. ஒண்ணும் வரல. உள்ளங்கையத்தான் பொளந்துது. அவரு போட்ட கூச்சல்... ரத்தம் சொட்டச் சொட்டக் கரையேறிப் போயிட்டாரு. அன்னிக்கு எனக்கும் அவருக்கும் நடுவுல நின்னது அந்தப் புல்லு மட்டும்தான். அதான் அர்த்தம்."



"ஹலோ?... இருக்கீங்களா?... எந்தக் கையா? ரெண்டும்தான், வலதுதான் மோசம்... பதினோரு தையலா?... கண்ணாடி கிழிச்சுதுன்னா சொன்னாரு?... ரெண்டு வாரம் நீங்களா ஊட்டி விட்டீங்க?... ஏன் குரல் இப்படி நடுங்குது? யாரு பக்கத்துல?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா! எங்க வேலை பாக்கறேன்னு என் வாயப் பிடுங்கச் சொன்னாரா?"

அண்ணியின் குரல் உயர்ந்தது. இவளிடம் அல்ல, தம்பியிடம். அடுத்த நொடி பளாரென்று ஓர் அறை. நாற்காலி சாய்ந்தது. பாத்திரங்கள் உருண்டன.

"அண்ணி!... கதவத் திறந்து வெளிய ஓடுங்க!... டேய், விடுடா அவங்கள!"

கட்டியவனை 'டேய்' என்று கூப்பிட்டது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. சூப்பர்வைசர் அம்மா ஓடிவந்து மெஷினை நிறுத்தினாள். இவள் செல்போனை ஒரு காதிலிருந்து எடுக்காமலே, மேசை போனைத் தூக்கி, மனப்பாடமாக வைத்திருந்த அந்த ஊர் ஸ்டேஷன் எண்ணை அழுத்தினாள்.

"போலீஸா?... கொல்றாங்க சார்... இங்க இல்ல, எங்க அண்ணி வீட்டுல, ரயில்வே கேட்டுக்கு எதிர் மாடி, ரெண்டாவது தளம். உங்க ஸ்டேஷனுக்கு நாலு வீடு தள்ளி... ஆமா, இப்போதான்! காதால கேட்டுக்கிட்டு நிக்கறேன் சார்!"

செல்போனில் யாருக்கோ தொண்டை அடைத்துக் கர்ர் கர்ரென்று இழுத்தது. பிறகு கனமாக ஏதோ மோதிய சத்தம். இன்னொரு முறை. பொத்தென்று ஓர் உடம்பு விழுந்தது.

"அண்ணி?... யாரு, யாரு மூச்சு வாங்கறது?... நீங்களா!... கழுத்த நெரிச்சாரா? மெதுவாப் பேசுங்க... எதால அடிச்சீங்க?... இரும்புச் சட்டியாலயா?... ரத்தம் எங்கருந்து?... தலைலயா?... அழாதீங்க, அழாதீங்க. மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாருங்க. மூச்சு இருக்கா?"

காத்திருந்தாள். எந்தப் பதில் வந்தால் தேவலை என்று அந்தக் கணத்தில் அவளுக்கே தெரியவில்லை.

"இருக்கா?... நல்லாத் தெரியுதா?... சரி."

விரிப்புகளின் மேல் உட்கார்ந்தாள்.

"அப்போ அங்க நிக்காதீங்க. வெளிய வந்து தாழ் போடுங்க... போட்டாச்சா?... ரெண்டு தாழும்?... செருப்ப விடுங்க அண்ணி, இறங்குங்க. போலீஸ் வருது. எதையும் மறைக்காதீங்க... தெரியும், கூடப்பிறந்தவருதான்... தெரியும் அண்ணி."

படிகளில் வெறுங்கால்கள் தடதடவென்று இறங்கின. கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம். "யாரு அடிச்சது?" என்று ஓர் ஆண் அதட்டலாகக் கேட்டார். அண்ணி தன் பெயரைச் சொல்லவில்லை. தெளிவாக, எழுத்தெழுத்தாக, தம்பியின் பெயரைச் சொன்னாள்.

லைன் கட் ஆனது.