மணி அடிக்காத விசை

மடிக்கணினி வாங்குகிற யாரும் விசைப்பலகையின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன விசையைச் சீந்துவதில்லை. கம்பெனிக்காரன் தன் விளம்பரத்துக்காக வைத்தது. அதை அழுத்தினால் கணினிக்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர், லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு ஓர் எண்ணை அனுப்பும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று லினக்ஸுக்குச் சொல்கிற நிரலைப் பத்து ஆண்டுகளாக நான்தான் பராமரிக்கிறேன். சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்வதுதான்.

எனக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டவன் லுபோஷ். செக் நாட்டின் புர்னோ நகரில் எங்களுக்கு ஒரே கல்லூரி, ஒரே பியர்க்கடை. நாற்பத்தாறு வயதில் அவனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் வந்தது. முதலில் கால்கள் போயின, பிறகு கைகள். கடைசியில் கண்களும் வலதுகை மோதிர விரலும் மிஞ்சின. கண்ணசைவால் எழுதப் பழகிக்கொண்டான். ஆனால் சளி அடைத்து மூச்சு முட்டும்போது கண்ணால் ஆளைக் கூப்பிட முடியாது.

குரல் போவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம், கட்டிலருகே உட்கார்ந்து அந்த விசையை அழுத்தி அழுத்திப் பார்த்தோம். ‘அறியாத நிகழ்வு, எண் 67’ என்று திரையில் வரிகள் ஓடின.

“டேய் ராடிம், அறுபத்தேழு. எழுதி வச்சுக்கோ, உன் மண்டையில நிக்காது.”

“நீ இருக்கும்போது எனக்கு எதுக்குடா மண்டை?”

அவன் மனைவி யார்மிலா கசகசா கேக் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். “ரெண்டு பேருக்கும் ஒரு பொத்தான் கிடைச்சா போதும், சாப்பாடே வேண்டாம்.”

மாலைக்குள், 67 வந்தால் சமையலறையில் மணி அடிக்கும்படி செய்துவிட்டேன். விசைமேல் வைத்த மோதிர விரலை லேசாக அழுத்தினான். மணி அடித்தது. அவன் அழுதான், நானும் அழுதேன்.

அதன்பின் அவன் என்னிடம் எந்த உதவியும் கேட்கவில்லை. ஆனால் நான் அனுப்புகிற ஒவ்வொரு நிரல் திருத்தத்திலும், ஆயிரம் பேர் படிக்கும் மடல் குழுவில், கண்ணால் எழுத்தெழுத்தாகக் கூட்டிக் குறை சொன்னான். ‘தூங்கிக்கிட்டே எழுதினியா?’ என்று ஒருமுறை கேட்டிருந்தான். அந்த ஒரு வரிக்கு அவனுக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மார்ச் மாதம் லிஸ்பனிலிருந்து ஒருவரின் புகார் வந்தது. அவருடைய மாடலில் சார்ஜரைச் செருகினாலே 67 வந்து, கணினி அதை விசையை அழுத்தியதாக எடுத்துக்கொண்டு பாட்டை நிறுத்திவிடுகிறதாம். முறையான தீர்வு, மாடல் பெயரைப் பார்த்து அதற்கு மட்டும் எண்ணைத் தடுப்பது. ஒன்பது வரி. எல்லா மாடலுக்கும் 67ஐப் புறக்கணிப்பது ஒரே வரி. நான் ஒரு வரி எழுதினேன். சுருக்கமான நிரல் நல்ல நிரல்.

திருத்தம் யார் யாருக்குப் போக வேண்டும் என்று பட்டியல் தானாக வரும். அதில் லுபோஷின் பெயர் இருந்தது. எடுத்துவிட்டேன். மணி ஒருநாள் அடிக்காமல் போகட்டும், அவன் என்னைக் கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன். உடனே சரிசெய்து கொடுத்திருப்பேன்.

என் மாற்றங்களை முதலில் சோதிப்பவன் என்பதால், அவன் கணினி அவற்றைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் நான்தான். செவ்வாய்க்கிழமை காலை எடுத்துக்கொண்டது. யார்மிலா அப்போது சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் கட்டில் ஆறடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம்.

“ரேடியோவை சத்தமா வச்சிட்டேன் ராடிம்” என்றாள், அடக்கத்துக்குப் பிறகு. “மணி அடிச்சிருக்கும். பாவி, நான்தான் கேக்காம விட்டுட்டேன்.”

“விடு யார்மிலா, உன் மேல தப்பில்ல” என்றேன். இப்போது அவள் வீட்டில் ரேடியோ இல்லை.

அதிலுள்ள குடும்பப் படங்களை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி அவன் கணினியை வாங்கி வந்தேன். ‘நிகழ்வு 67, புறக்கணிக்கப்பட்டது.’ அந்த வரி நாற்பத்தொரு முறை இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மணி பத்து பன்னிரண்டிலிருந்து பத்து பத்தொன்பது வரை. முதலில் அடுத்தடுத்து, பிறகு விட்டு விட்டு. அவனை நினைத்தால் இன்னும் எனக்கு அழுகை வருகிறது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, லுபோஷ் எனக்குச் சொல்லித் தந்தது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை உன் திருத்தம் கெடுத்துவிட்டால், மறுபேச்சு இல்லாமல் திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஆனால் கெட்டுப்போனதாகப் பாதிக்கப்பட்டவர் எழுத வேண்டும். நான்கு மாதமாகத் தினமும் அஞ்சலைத் திறந்து பார்க்கிறேன். லிஸ்பன்காரர் நன்றி சொல்லி எழுதியிருக்கிறார். வேறு யாரும் எழுதவில்லை. அதனால் நிரலில் அந்த ஒரு வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.