விசில் அடிக்கிறது யாரு?

ஹலோ... ஆமா, நான்தான்... தோட்டத்துல, துணி காயப்போடறேன்... ஆமா, ஆமா, சாப்பிட்டாச்சு. அங்க சைட்டுல வேலை ஆரம்பிச்சாச்சா?... என்ன சத்தம்?... விசிலா?

ஓ, அதுவா. குண்டுக்கரிச்சான்ங்க... குருவிதாங்க. கறுப்பும் வெள்ளையுமா இருக்குமே, வாலைத் தூக்கிக்கிட்டு. கொய்யா மரத்து உச்சில உக்காந்து, விடிஞ்சதுலேருந்து ஜோடியைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு.

இல்லைங்க, ஆம்பளை யாரும் இல்லை... இல்லை... அந்தக் குருவி ஆம்பளைதான், அதுக்கு நான் என்ன பண்ண?

சிரிக்கலை... சரி, சிரிச்சேன். சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்.

யாரு, மாடி வீட்டு டிரைவரா? அவர் ஊர்லயே இல்லை... அது எனக்கு எப்படித் தெரியுமா? அவர் பொண்டாட்டி சொன்னா... ம்... ம்... முடிச்சிட்டீங்களா?

சிலிண்டர் போட வந்தவருக்குத் தண்ணி குடுத்தேன்னு ஒரு சண்டை. அப்புறம் பல் டாக்டர். தாத்தாங்க அவரு, அவருக்கே பல்லு இல்லை! இப்ப குருவி.

இருங்க, நான் பேசறேன்... இல்லை, நீங்க கேளுங்க. ஒரு வாரமா இந்தக் குருவி என் ஸ்கூட்டர் கண்ணாடியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுல தெரியற தன் மூஞ்சியையே எவனோ ஒருத்தன்னு நெனச்சுக்கிட்டு, கொத்து கொத்துன்னு கொத்துது. பொட்டைக்குருவி, சாம்பல் கலர்ல, பாவம், மதில் மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. இது திரும்பிக்கூடப் பாக்கலை. வேற எவனும் வரலைங்க இந்தத் தோட்டத்துக்கு. கண்ணாடில இருந்தது அதுவேதான்.

கேக்கறீங்களா?... ம்.

நேத்து அத்தைதான் உங்க பழைய சாக்ஸைக் கொண்டுவந்து ரெண்டு கண்ணாடிக்கும் மாட்டிவிட்டாங்க. அவ்வளவுதான். இன்னைக்கு எப்படிப் பாடுது! ஒடம்பை உப்ப வெச்சுக்கிட்டு, வாலை விரிச்சுக்கிட்டு, அவ முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு நிமிருது. அவளும் கிளை மாறி மாறிப் பக்கத்துல வந்துட்டா. உங்களுக்கு எந்தச் சாக்ஸை மாட்டறதுன்னுதான் எனக்குத் தெரியலை.

கத்தாதீங்க... கத்தாதீங்கன்னு சொன்னேன்.

அத்தைகிட்டயா? குடுக்கறேன்... அத்தை, இந்தாங்க, உங்க புள்ளை... வேணாங்கறாங்க. கையை ஆட்டறாங்க... அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கான்னு சொல்றாங்க. நான் சொல்லலை, உங்கம்மாதான் சொல்றாங்க.

என்னது, வீடியோ கால்ல தோட்டத்தைக் காட்டணுமா?

மாட்டேன்... ஆமா, மாட்டேன்னுதான் சொன்னேன். இத்தனை வருஷம் காட்டினேன். கட்டிலுக்கு அடியில காட்டினேன், பீரோவைத் திறந்து காட்டினேன், ஜுரத்துல கெடந்தப்பகூட எழுந்துபோய் வாசக்கதவுத் தாழ்ப்பாளைக் காட்டினேன். ஒரு நாளாவது யாரையாவது கண்டீங்களா?... சொல்லுங்க.

அழலை. அழுததெல்லாம் முடிஞ்சுபோச்சு.

ஒரு பட்டனை அமுக்கினாப் போதும், குருவி தெரியும், நீங்களும் அடங்கிடுவீங்க. தெரியும். அதுக்காகவேதான் அமுக்க மாட்டேன்.

வர்றீங்களா? வாங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, ரெண்டு நாற்காலி போடறேன், என்கூட உக்காந்து பாருங்க. சோதனை போடறதுக்குன்னா வராதீங்க... ஆமா, உங்க வீடுதான். தெரிஞ்சுதான் சொல்றேன்.

என்ன... திரும்பவும் விசிலா?... இல்லைங்க. குருவி ரெண்டும் சேந்து இப்பதான் பறந்துபோச்சு. இது நான்... ஆமா, நான்தான் அடிச்சேன். எனக்கு விசில் அடிக்கத் தெரியும்னே உங்களுக்குத் தெரியாது, இல்லை?

வெக்கிறேன்.