ஜன்னலுக்கு வெளியே பூத்தவை

பியானோ மேல் எதையும் வைக்கக் கூடாது. ஒரு சாவி கிடந்தால்கூடக் கீழ்க்கட்டைகளை அழுத்தும்போது கிணுகிணுவென்று அதிரும். எத்தனை முறை சொன்னாலும் என் தங்கை கேட்டதில்லை. தன் ஆஸ்துமா இன்ஹேலரை அங்கேதான் வைப்பாள். கை எட்டும் இடமாம்.

அவள் எழுதிய கான்செர்ட்டோவை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். வாத்தியக் குழுவோடு பியானோ வாசிக்க வேண்டும். மொட்டு, மழை, மகரந்தம் என்று மூன்று பகுதிகள். வேடிக்கை என்னவென்றால், பூ இருக்கும் பக்கமே அவளால் போக முடியாது. நெஞ்சு இழுத்துக்கொள்ளும். எதிர்வீட்டுத் தோட்டத்தை மூடிய ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே எழுதினாள். அவள் எழுதுவாள், நான் வாசிப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கொஞ்ச நாளாக நான் அறைக்குள் வந்தால் ஃபோனில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்குச் சந்தேகப்படும் சுபாவம் கிடையாது. கவனிப்பேன், அவ்வளவுதான். ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறாள். நான் வாசிக்கும்போது என் விரல்களைப் பார்ப்பதில்லை. கடைசியில் நேராகவே கேட்டேன்.

"மேடையில வாசிக்க வேற ஆளப் பாத்திருக்கியா?"

"கோவிச்சுக்காதக்கா. நீ ரொம்ப சுத்தமா வாசிக்கற. துடைச்சு வச்ச பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கு."

"பூவப் பத்தி உனக்கென்னடி தெரியும்?"

"தெரியாது. அதான் எழுதறேன்" என்று சிரித்தாள்.

தெரியாத ஒன்றை ஒருத்தி எழுதலாமா? ஒரு முறையாவது கிட்டத்தில் அறிந்துகொள்ளட்டும் என்றுதான் மறுநாள் சூரியகாந்திப் பூக்கள் வாங்கிவந்தேன். கண்ணில் பட்டால் உள்ளே வரமாட்டாள். அதனால் திரைக்குப் பின்னால் வைத்தேன். மகரந்தத்தை மட்டும் அவள் நாற்காலி மெத்தையில் தட்டிவிட்டேன்.

"கடைசியா ஒரு தடவை முழுசா வாசிச்சுக் காட்டறேன், உக்காரு" என்றேன். பாவம், மறுக்கவில்லை. வழக்கம்போல இன்ஹேலரைப் பியானோ மேல் வைத்தாள். எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அதிருமே.

கதவை ஏன் பூட்டினேன் என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். வாசிக்கும்போது யாராவது வந்து போனால் எனக்குக் கவனம் சிதறும். அவளுக்கே தெரியும்.

இரண்டாம் பகுதியில் கையை நீட்டினாள். பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பகுதிகளுக்கு நடுவே நிறுத்தக் கூடாது என்று இசைத்தாளில் குறித்திருக்கிறது. அவள் கையெழுத்துதான், எடுத்துப் பாருங்கள்.

அன்றுபோல் நான் வாசித்ததே இல்லை. ஒரே ஒரு சத்தம்தான் இடைஞ்சலாக இருந்தது. மகரந்தம் முடிவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.