ஐந்து கொக்கிகள்

பித்தளையைத் துலக்கப் புளியைவிட நல்லது எதுவும் இல்லை, மேடம். கடையில் விற்கிற பொடியெல்லாம் நாலே நாளில் கறுத்துவிடும். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், எனக்குத் தரைதான் வசதி. அறுபத்துமூன்று வயதாகிறது. இன்னும் ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பேன்.

இதுதான் மனோகருடைய டோக்கன். எண் மூன்று. போலீஸ் கேஸை முடித்துத் திருப்பிக் கொடுத்தபோது அவன் மனைவி லூயிசா வாங்க மாட்டேன் என்றார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். விபத்து அறிக்கை எழுதத்தான் நீங்கள் மறுபடியும் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறீர்கள், தெரியும். எங்கள் வீதியே ஜன்னல் வழியாக உங்கள் காரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

போலீஸிடம் சொன்னதையே முதலில் சொல்கிறேன். சுரங்கம் மூடுகிறவரை மைசூர் மைன்ஸில் பதினாறு வருஷம் டோக்கன் ரூமில் இருந்தேன். கீழே இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் அதே கொக்கியில் மாட்டுவான். டோக்கன் தொங்கினால் ஆள் மேலே வந்துவிட்டான். கொக்கி காலி என்றால் இன்னும் கீழே இருக்கிறான், அவனுக்காகக் கேஜ், அதாவது ஆள் ஏற்றுகிற கூண்டு, ஷாஃப்ட் குழிக்குள் திரும்ப இறங்கும். ஒரு ஆளைக்கூட நான் தவறவிட்டதில்லை.

பிறகு இருபது வருஷம் நானும் மனோகரும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் விமானக் கொட்டகையில் வேலை செய்தோம். அவன் பரீட்சை எழுதி, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் ஆனான். நான் மெக்கானிக்காகவே ரிட்டயர் ஆனேன். பொறாமையா என்று போன தடவை கேட்டீர்கள். இல்லை மேடம். ரயிலில் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பவன் அவன்.

பாலகாட் சுரங்கம் தாண்டிப் பழைய ஓடுபாதைப் பொட்டலில் பத்தொன்பது வருஷமாக நின்ற அந்த நாற்பத்தெட்டு சீட் விமானத்தை ஒரு அருங்காட்சியகம் கேட்டது. பழுதுபார்த்துப் பறக்கவிட்டே கொண்டுபோகலாம் என்று முடிவானது. மனோகர், நான், கிறிஸ்டோ, வயரிங்குக்கு இரண்டு பேர் என்று ஐந்து பேர் சேர்ந்தோம். சக்கரம் மண்ணில் புதைந்திருந்தது. என்ஜினுக்குள் மைனா கூடு கட்டியிருந்தது. எட்டு மாதம் உழைத்தோம். பலகையில் ஐந்து கொக்கி அடித்தவன் மனோகர்தான். அங்கே முறை தலைகீழ். விமானத்தின் சக்கரம் மடங்குகிற அறைக்குள் ஏறுகிறவன் டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

"இன்னாடா ரத்தினம், இது ஷாஃப்ட் இல்ல, ஞாபகம் கீதா? இங்க டோக்கன் தொங்குனா ஆளு உள்ள கீறான்னு அர்த்தம்" என்று எல்லார் எதிரிலும் கேலி செய்வான். மற்றவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அதனால்தான் அன்று நடந்ததை எல்லாரும் உடனே நம்பினார்கள். விமானத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துச் சக்கரத்தை மடக்கிப் பார்க்கிற சோதனை. கிறிஸ்டோ மேலே காக்பிட்டில். அங்கிருந்து பலகை அவன் கண்ணுக்குத் தெரியாது. ஹெட்செட்டில் என்னைக் கேட்டான்.

"போர்டு இன்னா சொல்லுது அண்ணா?"

பலகையில் மூன்றாம் எண் தொங்கியது. மனோகர் சக்கர அறைக்குள் ஏறியிருந்தான். நான் "கிளியர்" என்றேன். சக்கரம் மடங்க ஏழு வினாடி ஆகும்.

கிழவன், பாவம், சுரங்கப் பழக்கத்தில் பார்த்துவிட்டான் என்றார்கள். கிறிஸ்டோ என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவனைப் பார்க்க எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. லூயிசாகூட என்னைத் திட்டவில்லை.

நீங்கள் ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். சுரங்க முறையில் பார்த்திருந்தால் மற்ற நாலு கொக்கியும் காலி. அப்படியென்றால் கிறிஸ்டோவும் வயரிங்காரர்களும், ஏன், பலகை எதிரில் நிற்கிற நானே உள்ளே இருப்பதாகத்தானே அர்த்தம்? எந்த டோக்கன் ரூம்காரனாவது கிளியர் என்று சொல்வானா? மாட்டான், மேடம். பதினாறு வருஷம் அதைச் செய்தவனுக்கு அந்த அளவு மறதி வராது. எல்லாரும் என்னை மறதிக்காரன் என்று பேசியபோது, உண்மையைச் சொன்னால், கோபமாகத்தான் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் மனோகர் எனக்கு மட்டும் ஒன்றைக் காட்டினான். இறக்கையைத் தாங்குகிற உத்திரத்தை ஸ்பார் என்போம். சக்கர அறையின் பின்புறம், அந்த ஸ்பாரில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தான்.

"பறக்காதுடா. காலைல அளந்து எழுதிடறேன். இறக்கைய வெட்டி லாரில ஏத்திக்கினு போவட்டும்."

வெட்டி என்றான். சுரங்கம் மூடியபிறகு கேஜை இழுக்கிற எங்கள் வைண்டிங் என்ஜினைக் கேஸ் கட்டரால் துண்டு துண்டாக அறுத்தார்கள். மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் நான் பக்கத்தில் நின்றேன். இந்த ஊரிலிருந்து எதுவும் முழுசாக வெளியே போனதில்லை. இது ஒன்றாவது போகட்டும் என்றேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

காலையில் டார்ச்சும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு ஏறினான். சோதனை மத்தியானம் என்றுதான் இருந்தது. இப்போதே முடித்துவிடலாம் என்று கிறிஸ்டோவை மேலே அனுப்பியவன் நான். பம்ப் ஓடும்போது வேறு எதுவும் காதில் விழாது. ஆனாலும் உள்ளேயிருந்து மனோகர் என் பெயரைச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கழுவிவிட நான் மட்டும் இருந்தேன். சாக்பீஸ் வட்டத்தையும் துடைத்தேன். விரிசல் மேல் இரண்டு கோட் பிரைமர் அடித்தேன். புதிதாக வந்த இன்ஜினியர் தட்டிப் பார்த்துவிட்டு, பெயின்ட் வேலை சுத்தமாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்.

போனை எடுங்கள், மேடம், நான் தடுக்கவில்லை. ஆனால் கேப்டன் ராஜ்குமார் பத்து மணிக்கே கிளப்பிவிட்டார். பக்கத்து சீட்டில் கிறிஸ்டோ. விமானம் என்ன அழகாக எழும்பியது தெரியுமா? சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின்மேல் ஜனம் ஏறி நின்று கை தட்டியது. லூயிசாவும் வந்திருந்தார். இன்னும் அரை மணியில் இறங்கிவிடும். அந்த விரிசல் ஒன்றும் செய்யாது. மனோகர் எப்போதுமே பயந்தாங்கொள்ளி. நாற்பது வருஷமாக இரும்போடும் அலுமினியத்தோடும் பழகிய கை இது, எனக்குத் தெரியாதா?

எனக்கும் ஒரு சீட் வைத்திருந்தார்கள், முதல் வரிசையில், ஜன்னல் ஓரமாக. ஏணியில் இரண்டு படி ஏறினேன். மூட்டு வலிக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன்.