கடைசிவரை வீடு தெரியும் இடம்

முகத்துவாரத்துக்கு வெளியே நின்ற கொழும்புக் கப்பல் நங்கூரம் தூக்கியது. மேல்தட்டில் நல்ல இடத்தை எனக்கு முன்பே ஒரு அக்காளும் தங்கையும் பிடித்துவிட்டார்கள். எரிச்சலோடு பின்னால் நின்றேன்.

“இந்த மூலைக்கு வா புள்ள. இஞ்ச நிண்டாத்தான் நம்மட வீடு கடைசிவரைக்கும் தெரியும்.”

“ஓம் அக்கா, வாசலும் தெரியுது. கை காட்டுறது ஆரு?”

“வீட்டில ஆரு இருக்கா? பூட்டின சாவி என்ட மடியிலதானே கிடக்கு.”

“நிக்கிறாவே, பாருங்க.”

அக்காள் நெற்றியில் கைவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“அது வழியனுப்புற கையில்ல புள்ள. கூப்பிடுற கை. கதவப் பூட்டக்குள்ள நீ உள்ள பாத்து ஒண்டும் சொல்லல்லயே?”

“போறன் எண்டு சொல்லப்படாதே அக்கா. வாறன் எண்டு சொல்லிட்டன்.”