அசையாத முள்

ஜனவரி மாதம். இரவு பதினோரு மணி இருக்கும். மணற்குன்றுகளுக்கு நடுவே போகிற ஒற்றைச் சாலை. பனியில் முன்னால் போன வண்டியின் தடம்கூட இல்லை. கைபேசி அங்கே வெறும் கடிகாரம்தான்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த விளக்கைத் தணித்துவிடுங்கள், ஜெனரேட்டரும் சற்று ஆறட்டும். இது நம் ரேடியோ கிளப் வெர்னனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

அவர் பெயர் லோவெல். பின்னால் திறந்த தொட்டி வைத்த தன் பிக்கப் வண்டியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் அடித்தது. மனைவி மார்லிஸின் தம்பி டுவெய்ன் அன்று மதியம் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், வீடு சேரவில்லை. என்ஜின் நின்றுபோன வண்டிக்குள் அந்தக் குளிரை எவனும் விடியும்வரை தாங்க மாட்டான். பனி வாரும் வண்டியோ காலையில்தான் வரும். வாசலில் மார்லிஸ் கணவனின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"என் தம்பி இல்லாம திரும்பி வராத, லோவெல்."

ஒரே நம்பிக்கை ரேடியோ. மச்சான்கள் இரண்டு பேருமே நம்மைப் போல அமெச்சூர் ரேடியோக்காரர்கள். இரண்டு வண்டியிலும் ரேடியோ உண்டு. லோவெல் தன் புது வண்டிக்கு ஆண்டெனா பொருத்தியது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான்.

எப்படிப் பொருத்தினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். காந்தத்தில் ஒட்டுகிற தாங்கி அவருக்குப் பிடிக்காது. பின்தொட்டியின் இடப்பக்க மூலையில் துளை போட்டார். துளையைச் சுற்றிப் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பு மின்னுகிற இடத்தில் தாங்கியை முடுக்கினார். அதன்மேல் ஆளைவிட உயரமான கம்பி. ஆனால் கம்பி பாதி ஆண்டெனாதான், மறுபாதி வண்டியின் உடம்பு. பின்தொட்டி ரப்பர் திண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அடிச்சட்டத்தோடு ஒழுங்காகச் சேராது. அதனால் பின்னிய செம்புப் பட்டை ஒன்றால் இரண்டையும் இணைத்தார். டுவெய்ன் பீர் குடித்தபடி வேடிக்கை பார்த்தான்.

"புது வண்டி வாசனைகூடப் போகல, அதுக்குள்ள ஓட்டையா? அக்காவுக்குத் தெரியுமா மச்சான்?"

"தெரியும்போது நான் ஊர்ல இருக்க மாட்டேன். நீ பதில் சொல்லு."

சரி... சாலைக்கு வருவோம்.

லோவெல் மைக்கை அழுத்தினார். ரேடியோவில் ஆளை அடையாளம் காட்டுகிற தன் அழைப்புக் குறியைச் சொன்னார், டுவெய்னுடையதைச் சொன்னார். விரலை எடுத்தார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல்... அப்புறம், மிகத் தெளிவாக:

"லோவெல்... நேரா வா."

டுவெய்ன் குரல்! லோவெலுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"டேய்! எங்கடா இருக்க? அடி பட்டிருக்கா?"

"நேரா வா."

அவ்வளவுதான். அழைப்புக் குறி இல்லை. ரேடியோவில் கொட்டாவி விடுவதென்றாலும் குறியைச் சொல்லிவிட்டு விடுகிறவன் டுவெய்ன். வாய் விறைத்துப்போயிருக்கும் என்று லோவெல் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த முறை மைக்கை அழுத்தியபோது ரேடியோ முரண்டு பிடித்தது. அனுப்புகிற சக்தி வெளியே போகாமல் ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று அளவி காட்டியது. இது நமக்குப் பழக்கமான தொல்லை. ஒன்று, எங்கோ இணைப்பு விட்டிருக்கும். இல்லையென்றால் கம்பியை ஏதாவது தொட்டுக்கொண்டிருக்கும். நாம் எதைச் சந்தேகப்படுவோம்? இணைப்பைத்தானே. ரேடியோக்காரன் புத்தி கீழேதான் போகும்.

அவரும் இறங்கிப் பின்னால் போனார். முகத்தில் பனி அறைந்ததால் நிமிரவே இல்லை. குனிந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, செம்புப் பட்டையை இழுத்துப் பார்த்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. ஒரு நாற்றம் வந்தது... தோலைப் பொசுக்கினாற்போல. கம்பியின் அடியில் இருக்கிற சுருளின் மேலுறை தீய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் காற்றில் கம்பி அதிர்ந்து ஊளையிட வேண்டும். அவருடைய தலைக்கு மேலே அது சத்தமே போடாமல் நின்றது.

மறுபடி வண்டி. மறுபடி அந்தக் குரல்.

"வலப்பக்கம் திரும்பு... நேரா வா."

வலப்பக்கம் மாட்டுத்தடம் ஒன்று பிரிந்தது. ஏரிக்குப் போகிற தடம். அடியில் ஊற்று இருக்கிற ஏரி. எந்த ஜனவரியிலும் அதன் நடுப்பகுதி உறைந்து கெட்டியாவதில்லை. அது டுவெய்னுக்கும் தெரியும்... ஆனாலும் லோவெல் அந்தத் தடத்தில் வண்டியைத் திருப்பிவிட்டார். பாதித் தூரம் போனபின்தான் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

திசையைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கம்பி கூரையின் நடுவில் இருந்தால் நாலா பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். மூலையில் இருந்தால் அப்படி இல்லை. வண்டியின் இரும்பு எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும், எதிர்ப்பக்கம் மங்கும். வண்டியை மெல்ல வட்டமடித்தால், வருகிற குரலின் வலுவைக் காட்டும் முள் ஏறி இறங்கும். அது எங்கே உச்சத்துக்குப் போகிறதோ, அங்கிருந்து ஆள் இருக்கும் பக்கத்தை ஊகித்துவிடலாம்.

அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி பனியில் நறநறவென்று திரும்பியது.

"நேரா வா."

வண்டியின் முகம் ஏரிப் பக்கம். முள் உச்சத்தில்.

"நேரா வா."

குன்றுப் பக்கம். முள் உச்சத்தில்.

"நேரா வா... நேரா வா..."

வந்த வழி. முள் ஒரு மயிரிழை இறங்கவில்லை.

முழு வட்டம் முடிந்தது. குரல் வெளியே ஓர் இடத்திலிருந்து வந்திருந்தால் முள் ஆடியிருக்கும். அந்தக் குரல் வண்டியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

லோவெலின் கட்டைவிரல் ரேடியோவின் பொத்தான்மேல் நின்றது. அணைத்துவிட்டால், டுவெய்ன் நிஜமாகவே கூப்பிடும்போது கேட்காது. மார்லிஸின் விரல்கள் இன்னும் கோட்டுப் பொத்தானில் இருப்பது போலிருந்தது... அணைத்தார். தன் சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு சாலைக்குத் திரும்பினார்.

சாலையில் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சிவந்த வெளிச்சம். கவிழ்ந்த வண்டியின் மறைவில் வைக்கோலைக் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தான் டுவெய்ன். உயிரோடு. லோவெல் அவனைத் தூக்காத குறையாக உள்ளே ஏற்றி, ஹீட்டரை முழுசாகத் திருப்பினார்.

"எத்தனை தடவைடா கூப்பிட்டேன்? அதென்ன நேரா வா, நேரா வா?"

"எதுல கேக்குமாம்? வண்டி கவுந்தப்பவே பேட்டரி தெறிச்சுப் போச்சு மச்சான். ரேடியோவைத் தொடவே இல்ல." பற்கள் தந்தியடிக்க டுவெய்ன் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தான். "ஆனா நீ ரொம்பக் கல்நெஞ்சக்காரன்யா. அந்த ஆளையும் உள்ள ஏத்தினா என்ன?"

"எந்த ஆளை?"

"தொட்டியில நிக்கிறாரே. ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. கையுறைகூட இல்ல, பாவம்."

லோவெல் திரும்பவில்லை. பின்னால் காட்டும் கண்ணாடியைக் கூரை பார்க்கத் திருப்பிவிட்டு மிதித்தார். வீடு வரும்வரை நிறுத்தவில்லை. கராஜ் விளக்கைப் போட்டபோது தொட்டி காலியாக இருந்தது. கம்பி முழுக்க விரற்கடை கனத்துக்கு வெள்ளைப் பனி உறைந்திருந்தது. நெஞ்சு உயரத்தில் மட்டும் வெறும் கம்பி. அங்கே என்னவோ ஒட்டியிருந்தது. அந்தக் குளிரில் வெறும் கையால் இரும்பைப் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் அல்லவா... ஓர் உள்ளங்கைத் தோல், ரேகைகளோடு. இடது கை.

வலது கையின் தோல் வீட்டு வாசற்கதவின் இரும்புக் கைப்பிடியில் இருந்தது.

கதவு திறந்து கிடந்தது. உள்ளிருந்து மார்லிஸின் குரல் கேட்டது. "இவ்வளவு நேரமா வெளிய என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? வந்தவருக்கு நான் சூப் ஊத்திக் குடுத்தாச்சு."